ஆபீஸுக்குள் ஒரு இணையம்: ஒரே பிரதி, ஒரே இடம், ஒரு பொறுப்பாளர்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்றைக்கு நான் பேசப்போகிற விஷயம் இன்ட்ராநெட். தமிழில் அக இணையம் என்று சொல்லலாம். இது ஏதோ பெரிய ஐடி கம்பெனி சமாச்சாரம் என்று நினைச்சு அடுத்த பகுதிக்குத் தாவிடாதீங்க. நாலு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்திருக்கிற சின்ன ஆபீஸ், மீனவர் சங்கம், பள்ளிக்கூடம், கூட்டுறவு சங்கம், இவங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

முதலில் ஒரு கேள்வி. உங்க ஆபீஸில் அடிக்கடி பயன்படுத்துகிற ஒரு படிவத்தை நினைச்சுக்கோங்க. விடுப்புக் கடிதமோ, நிவாரண மனுவோ, எதுவானாலும் சரி. அதோட கடைசி வடிவம் இப்போ எங்கே இருக்கு? ஒருத்தர் டெஸ்க்டாப்பில் "ஃபைனல்" என்று ஒன்று இருக்கும். இன்னொருத்தர்கிட்ட "ஃபைனல் நியூ". மூணாவது ஆள் பென் டிரைவில் "ஃபைனல் 2 கரெக்ட்". வாட்ஸ்அப் குரூப்பில் மேலே போய்த் தேடினால் நாலாவது. இதில் எது உண்மையான ஃபைனல் என்று கேட்டால், அன்றைக்கு லீவில் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

இந்தத் தொல்லைக்கு வைத்தியம்தான் இன்ட்ராநெட். உங்க கட்டடத்துக்குள் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் வலைப்பக்கங்களையும் ஃபைல்களையும் வைக்கிறோம். ஆபீஸில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்களும் போன்களும் பிரௌசர் வழியாக அதைத் திறந்து பார்க்கும். வெளி இணையம் தேவையில்லை. கேபிள் அறுந்தாலும், டேட்டா தீர்ந்தாலும், ஆபீஸுக்குள் இது ஓடும்.

வலையே ஒரு ஆபீஸ் தேவையில்தான் பிறந்தது

இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிற இந்த வலை, முதலில் ஒரு நிறுவனத்தோட உள்வேலைக்காக யோசிக்கப்பட்டது. ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் ஆராய்ச்சிக் கூடம். ஆயிரக்கணக்கான பேர் வருவாங்க, சில வருஷம் வேலை பார்ப்பாங்க, கிளம்பிடுவாங்க. அவங்களோடு அவங்க வைத்திருந்த தகவலும் போயிடும். ஆளுக்கொரு வகைக் கம்ப்யூட்டர் என்பதால் ஒருத்தர் ஆவணம் இன்னொருத்தருக்குத் திறக்காது. 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதன் தலைப்பே தகவல் மேலாண்மை பற்றியதுதான்.

அங்கே இருந்தவங்களை வலைப் பக்கம் இழுத்தது எது தெரியுமா? செர்ன் ஊழியர்களோட டெலிபோன் டைரக்டரி. அதை வலை வழியாகப் பார்க்கலாம் என்றதும் மக்கள் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. முதல் சர்வராக இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரின் மேல், இது சர்வர், யாரும் அணைக்காதீங்க என்று கையால் எழுதி ஒட்டியிருந்தாங்க. நீங்க ஆரம்பிச்சாலும் அதே ரெண்டு வேலைதான்: ஒரு டெலிபோன் பட்டியல், ஒரு ஸ்டிக்கர்.

வில்லியனூரும் தங்கச்சிமடமும்

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு, புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு திட்டம் ஆரம்பிச்சது. வில்லியனூரில் ஒரு மையம். சுற்றுவட்டக் கிராமங்களில் ஒவ்வொரு தகவல் நிலையம். கிராமங்களில் டெலிபோனை நம்ப முடியாத காலம் அது. அதனால் வில்லியனூர் மட்டும் டெலிபோன் வழியாக இணையத்தைத் தொடும். அங்கிருந்து கிராமங்களுக்கு விஎச்எஃப் வானொலிக் கருவி வழியாகப் பேச்சும் தரவும் போகும். கரண்ட் நிற்கும் என்பதால் சூரிய ஒளித் தகடுகள். வெளியே போய்த் தகவலைக் கொண்டு வர ஒரு இடம், அதை எல்லாரும் பகிர்ந்துகொள்ள ஒரு உள்வலை. அதாவது, ஒரு ஆபீஸுக்குப் பதிலாகப் பல கிராமங்களுக்கான இன்ட்ராநெட்.

அந்த வலையில் பெரும்பகுதி என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். விளைபொருள் விலை, பக்கத்து ஆஸ்பத்திரி விவரம், பஸ் நேரம், அரசுத் திட்டத்துக்கு யார் தகுதி, யாரைப் போய்ப் பார்க்கணும். உலக இணையத்தில் தேடினால் அப்போது கிடைக்காத, உள்ளூர் ஆட்களே சேகரிச்சுத் தமிழில் ஏற்றிய தகவல்கள். நிலையங்களை நடத்தினது உள்ளூர்த் தன்னார்வலர்கள், அதில் பெண்கள் நிறைய.

மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் இன்னொன்று செஞ்சாங்க. அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்தில் வங்காள விரிகுடாவுக்கான அலை உயர முன்னறிவிப்பு வரும். மையத்தில் அதை இறக்குவாங்க. தமிழில் எழுதி ஊருக்கு அனுப்புவாங்க. ஊரில் ஒலிபெருக்கியில் சொல்லுவாங்க. கடலுக்குப் போறவர் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்.

இந்த முயற்சி நம்ம கரைக்கும் வந்தது. 2004 அக்டோபரில், இஸ்ரோவும் இதே நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் முதலில் இணைந்த மூணு இடங்கள் திருவையாறு, செம்பட்டி, அப்புறம் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். வானொலிக்குப் பதில் இப்போ செயற்கைக்கோள். சென்னையில் இருக்கிற நிபுணர்களோடு முகம் பார்த்துப் பேசலாம். தீவுக்கு எது வந்தாலும் கடலைத் தாண்டித்தான் வரணும். செயற்கைக்கோளுக்கு மட்டும் பாலம் தேவையில்லை.

அதே வருஷம் டிசம்பர் 26, சுனாமி. புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அங்கே செய்தி தெரிஞ்சதும் ஊருக்குப் போன் பண்ணினார். தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. ஜனங்க வெளியேறினாங்க. வீடும் படகும் போச்சு, உயிர்கள் தப்பின. எச்சரிக்கை வந்தது சாதாரண டெலிபோனில்தான். ஆனால் அதைக் கேட்டதும் ஊரே நகர்ந்ததுக்குக் காரணம், அந்த ஒலிபெருக்கி தினமும் பேசிப் பழகினது என்று நான் நினைக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் மட்டும் கத்துகிற குழாயை யாரும் நம்பமாட்டாங்க.

இன்றைக்கு நிலைமை வேற. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் மையம் கடல்நிலை முன்னறிவிப்பும், மீன் கிடைக்கக்கூடிய இடங்களும் தருது. போன் செயலியில் வருது. பாம்பனில் 90.4-ல் கடல் ஓசை சமுதாய வானொலி 2016-லிருந்து பேசிக்கிட்டு இருக்கு. அப்போ உள்வலை எதுக்கு? வெளியே இருக்கிற தகவலைக் கொண்டு வர நிறைய பேர் இருக்காங்க. நம்மகிட்ட மட்டுமே இருக்கிற தகவலை நமக்காக யாரும் வைத்திருக்க மாட்டாங்க. அது நம்ம வேலை.

ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸ்

மீனவக் குடும்பங்களுக்கு மனு, நிவாரணம், காப்பீடு என்று ஓடுகிற ஒரு சின்ன அமைப்பு. பேர் வேண்டாம். 6 பேர், 4 கம்ப்யூட்டர். மூணு வருஷம் முன்னாடி என்னைக் கூப்பிட்டாங்க.

அவங்க வேலையில் நேரம்தான் எல்லாம். எல்லை தாண்டினதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடிச்சுட்டாங்க என்று விடியற்காலையில் செய்தி வரும். காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் குடும்பங்கள் நிற்கும். படகு யார் பேரில் பதிவாகியிருக்கு, பதிவுச் சான்று எங்கே, டோக்கன் வாங்கினதா, போனவங்க யார் யார், வீட்டில் யாருக்குப் போன் பண்ணணும், இதெல்லாம் உடனே வேணும். மீன்வளத்துறைக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் மனு போகணும். அப்படி ஒரு நாளில், நான் அங்கே போறதுக்கு முன்னாடி, பழைய படிவத்தில் மனு தயாராகிப் போயிருக்கு. ரெண்டு விவரம் குறையுது என்று திரும்பி வந்திருக்கு. திருத்தின படிவம் ஆபீஸிலேயே இருந்தது, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில். வாசலில் நின்ற அம்மாவுக்கு ஒருநாள் போச்சு. புருஷன் எங்கே இருக்கார் என்றே தெரியாத அந்த நேரத்தில் ஒருநாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

பொறுப்பாளர் என்கிட்ட ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இதுவும் இன்னொரு வாட்ஸ்அப் குரூப் மாதிரி ஆயிடாதுல்ல?" நியாயமான பயம். குரூப்பில் புதுசு வந்தால் பழசு மேலே போகும், ஆனால் அழியாது. தேடினால் ரெண்டும் கிடைக்கும். வலைப்பக்கத்தில் அப்படி இல்லை. பழைய படிவத்தை எடுத்துட்டுப் புதுசை அதே இடத்தில் வைத்தால், யார் எங்கிருந்து திறந்தாலும் புதுசு மட்டும்தான். முழு வித்தையும் அவ்வளவுதான்.

செய்கிற விதம்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்தோம். விலை குறைந்த ராஸ்பெர்ரி பை இருந்தாலும் போதும். அதில் லினக்ஸ், அப்பாச்சி வலைச் சர்வர். என்ஜின்எக்ஸும் நல்லாவே இருக்கும். ரெண்டும் இலவசம். ஃபைல் பகிர சாம்பா. இனி வரிசையாகச் சொல்றேன்.

ஒன்று, நிலையான முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கும். சர்வருக்கு மட்டும் அது மாறக்கூடாது. ரவுட்டர் அமைப்பில் போய், இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்பவும் 192.168.1.10 என்பது போல ஒன்றைக் கட்டிப் போடுங்க. 192.168 என்று தொடங்குகிற எண்கள் உள்வலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை, வெளி இணையத்தில் யாருக்கும் கிடையாது. எல்லா பிரௌசரிலும் இதையே முதல் பக்கமாக வைத்திடுங்க. எண்ணை யாரும் ஞாபகம் வைக்க வேண்டாம்.

ரெண்டு, எது ஃபோல்டர், எது பக்கம். எழுதிக்கிட்டு இருக்கிற, திருத்த வேண்டிய வேர்டு, எக்செல் ஃபைல்கள் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கட்டும். முடிஞ்சது, எல்லாரும் பார்க்க வேண்டியது வலைப்பக்கத்தில், பிடிஎஃப் ஆக. சமையல் நடக்கிற இடமும் பரிமாறுகிற இடமும் வேற வேற என்று வைச்சுக்கோங்க. ஃபோல்டர் மட்டும் போதாதா என்று கேட்பாங்க. ஃபோல்டரில் பேர் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதலாம்: "இந்த மனுவோடு பதிவுச் சான்று நகல் 2 வேண்டும், மீன்வளத்துறை அலுவலகத்தில் கொடுக்கவும்." புதுசாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த ஒரு வரிதான் குரு.

மூணு, லிங்க். நிறைய இடத்தில் பார்க்கிற கோளாறு இது. பக்கம் தயார் பண்ணுகிறவர் தன் கம்ப்யூட்டரின் சி டிரைவில் இருக்கிற ஃபைலுக்கு லிங்க் கொடுத்திடுவார். அவருக்குத் திறக்கும். பக்கத்து மேசையில் திறக்காது. முதலில் ஃபைலைச் சர்வரில் ஏற்றணும், அப்புறம் சர்வரில் இருக்கிற ஃபைலுக்கு லிங்க் கொடுக்கணும். கொடுத்ததை வேற ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் வேலை முடிஞ்சதாக அர்த்தம்.

நாலு, ஃபைல் பேர். "ஃபைனல்" என்ற சொல்லைத் தடை பண்ணுங்க. தேதியை வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில் போடுங்க, 2024-11-05 மாதிரி. அப்போதான் பேர்ப்படி அடுக்கினாலே காலப்படி அடுக்கி வரும்.

அஞ்சு, எழுத்துரு. வானவில், பாமினி எழுத்துருவில் அடிச்ச பழைய ஃபைல்கள் இன்னும் எத்தனையோ ஆபீஸில் இருக்கு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தாக வரும், தேடினாலும் கிடைக்காது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவிச்சாச்சு. மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கும். ஒரே நாளில் எல்லாத்தையும் மாற்ற வேண்டாம், கைக்கு வருகிற ஃபைலை அவ்வப்போது மாத்துங்க. ஆனால் உள்வலைக்கு ஏறுவது யூனிகோடில்தான் ஏறணும்.

ஆறு, யார் பார்க்கலாம். இதில் கறாராக இருங்க. படிவம், டெலிபோன் பட்டியல், அரசாணை இதெல்லாம் எல்லாருக்கும். ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம், கைதானவங்க குடும்ப விவரம் இதெல்லாம் தனி ஃபோல்டர், தனிக் கடவுச்சொல், ரெண்டு பேருக்கு மட்டும். வாசலில் காத்திருக்கிறவங்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால், ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனி வலை வைங்க. உள்வலை என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது. கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டி வைத்தால் பூட்டோடு சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரிதான்.

ஏழு, நகல். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பலம், அதுவே பலவீனமும். 1964 டிசம்பர் புயலில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி அழிஞ்சதைப் பார்த்த கரை இது. தினமும் சாயங்காலம் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் தானாக நகல் எடுக்கிற மாதிரி செஞ்சோம். வாரம் ஒருமுறை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வேற கட்டடத்துக்குப் போகும். நம்ம ஊர் உப்புக் காத்தில் பின்களும் சாக்கெட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் மூணு மாசத்துக்கு ஒருதடவை அந்த நகலைத் திறந்து, ஃபைல் உண்மையிலேயே வருதா என்று பாருங்க. திறந்து பார்க்காத நகலை நம்பி உட்காரக்கூடாது. சர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் போட்டிடுங்க.

உயிரோடு வைத்திருப்பது

இதுவரை சொன்னதை ரெண்டு நாளில் முடிச்சிடலாம். கஷ்டம் அதுக்கப்புறம்தான். மூணு மாசத்தில் பக்கம் பழசாகிடும். ஒருதடவை தப்பான நம்பர் கிடைத்தால் போதும், மறுபடி எல்லாரும் குரூப்பில் கேட்க ஆரம்பிச்சிடுவாங்க.

அந்த ஆபீஸில் கணக்குப் பார்க்கிற அக்காவைப் பொறுப்பாளராக வைத்தோம். கம்ப்யூட்டர் அதிகம் தெரியும் என்பதால் இல்லை. எந்த ஆபீஸில் எந்த அதிகாரி மாறினார், எந்தப் படிவத்தில் என்ன புதுசாகக் கேட்கிறாங்க என்று அவங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ரெண்டு வரி: கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர் பேர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில் விசைப்படகு போகாது. ஆபீஸில் நெரிசலும் கொஞ்சம் குறையும். அந்தச் சமயம் எல்லாப் பக்கத்தையும் உட்கார்ந்து சரிபார்ப்பாங்க. பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு போன்.

வேற ஒன்றும் செஞ்சாங்க, அது நான் சொல்லிக் கொடுக்காதது. வலைப்பக்கத்தில் இருக்கிற "என்னென்ன கொண்டு வரணும்" பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடிச்சு வாசலில் ஒட்டினாங்க. கீழே அதே தேதி, அதே பேர். படிக்கத் தெரியாதவங்க வந்தால் அக்காவே வாசிச்சுச் சொல்லுவாங்க. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி செஞ்ச வேலையை இங்கே ஒரு தாளும் ஒரு குரலும் செய்யுது. உள்வலை கம்ப்யூட்டரோடு நின்றுபோனால் பாதி வேலைதான். வாசலில் நிற்கிறவங்க காதுக்குப் போய்ச் சேரணும்.

அதுக்கப்புறமும் படகுகள் பிடிபட்டுத்தான் இருக்கு. அதை எந்தச் சர்வரும் தடுக்காது. ஆனால் எட்டு மணிக்கு வர்ற குடும்பத்தோட மனு, சரியான படிவத்தில், பத்து மணிக்குள்ளே கிளம்பிடுது.

நீங்க ஆரம்பிக்கணும் என்றால் பெரிசாக யோசிக்காதீங்க. நாளைக்கு ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு டெலிபோன் பட்டியல், அதிகம் தேவைப்படுகிற அஞ்சு படிவம், கீழே ஒரு தேதி, ஒரு பேர். ஒரு மாசம் அதை மட்டும் ஒழுங்காக வைத்திருங்க. ஜனங்க தானாகவே இன்னும் வேணும் என்று கேட்பாங்க. கேட்டதை மட்டும் சேருங்க.

உங்க ஆபீஸில் செஞ்சு பார்த்துட்டு எது ஓடிச்சு, எது ஓடலை என்று எழுதுங்க. அடுத்த பகுதியில் பழைய எழுத்துரு ஃபைல்களை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றுகிற வழியைப் பார்ப்போம். அதுவரைக்கும் சர்வரை யாரும் அணைக்காம பார்த்துக்கோங்க.